வீட்டைக் காத்தவர் மீதே வழக்கு: லயத்து வாசலும் சட்டமும்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் சட்ட உதவி வேலையில் இருப்பவர்களுக்குப் பழகிப்போன வழக்கு இது. குடித்துவிட்டு ராத்திரி கதவை உதைத்தவனை வெளியே தள்ளிய வீட்டுக்காரர் எதிரிக் கூண்டில், அதாவது குற்றம் சாட்டப்பட்டவராக நிற்பார். உதைத்தவன் தலையில் கட்டோடு முறைப்பாட்டாளனாக வந்திருப்பான். அந்த வீட்டாரின் கொதிப்பு முழுக்க நியாயமானது. ஆனால் இந்தத் தலைகீழ் மாற்றம் பெரும்பாலும் சம்பவத்துக்கு மறுநாள் மதியத்துக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது.

"லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) தோட்டத்துக்குச் சொந்தம், கையில் காணி உறுதிப் பத்திரம் இல்லை, நமக்கென்ன உரிமை?" என்று பலர் முதலிலேயே சோர்ந்துவிடுகிறார்கள். சோர வேண்டியதில்லை. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, அத்துமீறல் பற்றிய 427ஆம் பிரிவில், இடம் யாருடைய இருப்பில் உள்ளது என்றுதான் பார்க்கிறது. குடியிருப்பவருக்கு அது போதும். குற்ற நோக்கத்தோடு வருபவன் கதவிடுக்கில் காலை நுழைத்தாலே வீட்டு அத்துமீறலுக்குரிய நுழைவாகிவிடும். விருந்தாளியாக வந்தவன் பிறகு மிரட்டுவதற்காகப் போக மறுத்து நின்றாலும் அத்துமீறல்தான். நுண்கடன் வசூலிக்க வருபவர் விசயத்தில் மட்டும் நிதானம் வேண்டும். பகலில் வந்து பணம் கேட்பது குற்றமில்லை. உள்ளே புகுந்து பெண்களை மிரட்டத் தொடங்கினால் நிலைமை மாறும். கடமையில் வரும் பொலிஸாரை எதிர்க்க இந்த உரிமையை நம்பிப் போகவே கூடாது.

தற்காப்புரிமை அதே தண்டனைச் சட்டக்கோவையின் 89 முதல் 99 வரையான பிரிவுகளில் இருக்கிறது. அதன் எல்லை 92: தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் காயப்படுத்தக் கூடாது. வழக்குகள் தோற்பது இங்கேதான். உள்ளே வரவிடாமல் விறகுக் கட்டையால் அடித்த முதல் அடியைச் சட்டம் ஏற்கும். அவன் இஸ்தோப்பை (முன் திண்ணையை) தாண்டிக் கானுப்பக்கம் (வடிகால் பக்கம்) ஓடும்போது துரத்திப்போய் முதுகில் போட்ட அடியை ஏற்காது. காயம் முன்பக்கமா, முதுகிலா என்பதை வைத்திய அறிக்கையே காட்டிக்கொடுத்துவிடும். தாழ்ப்பாளை உடைத்து இரவில் நுழைபவனுக்கு எதிராக 96ஆம் பிரிவு கூடுதல் உரிமை தருகிறது என்றாலும், 92இன் எல்லை அங்கேயும் உண்டு.

கையில் எது இருந்தது என்பதும் பெரிய விசயம். வெறுங்கையால் ஏற்பட்ட சாதாரண காயம் 314இன் கீழ் வரும், ஒரு வருடம் வரை சிறை. அதே காயம் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் என்றால் 315, மூன்று வருடம் வரை. கத்தியால் கொடுங்காயம் என்றால் 317, பத்து வருடம் வரை. எலும்போ பல்லோ முறிந்தால் கொடுங்காயம்தான்.

இனி அந்த முதல் நாள். ஆபத்து நடக்கும்போதே 119க்கு அழையுங்கள். அழைத்த நேரம் போனில் பதிவாகி நிற்கும். விடிவதற்குக் காத்திருக்காமல் பொலிஸ் நிலையம் போய் முறைப்பாடு செய்து, அதன் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். தோட்டத் தலைவர் பேசி முடித்துவைப்பார் என்று காத்திருந்த வீட்டாரின் முறைப்பாடு இரண்டாவதாகப் பதிவாகும். வழக்குக்குப் பயந்து போட்ட முறைப்பாடு என்று எதிர்த்தரப்பு அதையே சொல்லும். உங்களுக்கும் காயம் என்றால் தோட்ட டிஸ்பென்சரியில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு திரும்பாதீர்கள். பொலிஸில் மருத்துவ சட்டப் பரிசோதனைப் படிவம் கேட்டு, டிக்கோயா, நுவரெலியா போன்ற அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உள்ளங்கையிலும் முன்கையிலும் உள்ள கீறல்கள் தடுக்கும்போது படுபவை. சின்னக் கீறல் என்று காட்டாமல் விட்டால் ஒரு வாரத்தில் ஆறி, சாட்சியும் போய்விடும்.

உடைந்த தாழ்ப்பாளைப் படம் பிடிக்காமல் மாற்றாதீர்கள். அத்துமீறலை வீடுடைப்பாகக் காட்டுவது அந்தத் தாழ்ப்பாள்தான். இரத்தம் பட்ட துணியைத் துவைக்காமல் காயவைத்துக் கடதாசியில் சுற்றுங்கள். பொலித்தீனில் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். அடுத்த காம்பிராக்காரர் (பக்கத்து லய அறையில் இருப்பவர்) எதையும் பார்த்திருக்கத் தேவையில்லை. கதவு உடைந்த சத்தமும் "வெளியே போ" என்ற குரலும் எது முன், எது பின் என்று அவர் சொன்னாலே பெரிய பலம்.

வாக்குமூலத்தில் "அடித்தேன்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். அவன் எங்கே நின்றான், கையில் என்ன இருந்தது, என்ன சொன்னான், நீங்கள் எதற்குப் பயந்தீர்கள், எப்போது நிறுத்தினீர்கள் என்ற ஐந்தும் அதில் வர வேண்டும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவுப்படி அதை வாசித்துக் காட்ட வேண்டும், விளங்காத மொழியில் எழுதியிருந்தால் விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும், திருத்தவும் சேர்க்கவும் விட வேண்டும். சிங்களத்தில் எழுதியதைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டதால் கெட்ட வழக்குகள் மலையகத்தில் ஏராளம். இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

தற்காப்பை நிரூபிக்கும் சுமை, சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவுப்படி எதிரியுடையது, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருடையது. ஆனால் சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கத் தேவையில்லை. அப்படி நடந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என 1942இல் ஜேம்ஸ் சந்திரசேகர வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. அதனால், "ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டிவிட்டுப் போ, நாள் வேலை மிச்சம்" என்ற அறிவுரைக்கு உடனே தலையாட்டாதீர்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் தற்காப்பு வாதம் அங்கேயே முடிந்தது. பிறகு வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் நற்சான்றிதழ் கேட்கும்போது அந்தத் தீர்ப்பு குறுக்கே வரும். சட்டத்தரணிக்கு வசதியில்லை என்றால் வழக்கின் முதல் தவணை நாளுக்கு முன்பே சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போங்கள். முறைப்பாட்டு இலக்கம், ஆஸ்பத்திரித் துண்டு, தாழ்ப்பாளின் படம், சம்பளத் துண்டு ஆகிய நான்கையும் கையோடு கொண்டுபோங்கள்.