பரணிலிருந்து இறங்கிய கம்பளிகள்

கோடையின் நடுவில் ஒரு வாரம் சூரியன் முகம் காட்டவே இல்லை. மேகமும் ஈரக்காற்றுமாகப் பொழுது போனது. வாசலோரத்து மரம் வேறு இலைகளை மஞ்சளாக்கி உதிர்த்துக்கொண்டிருந்தது. இரண்டையும் கூட்டிப் பார்த்து, “குளிர்காலம் இந்த முறை முந்திக்கொண்டு வரப்போகிறது” என்று வீட்டில் அறிவித்தேன். கையோடு பரணில் கிடந்த கம்பளிகளையும் இறக்கினேன். தூசியில் அடுக்கடுக்காகத் தும்மல் வந்தது. அதையும் குளிருக்கான அறிகுறிகளில் சேர்த்துக்கொண்டேன்.

மனைவி ஆதாரம் கேட்டாள்.

சுவர்க்கோழி போடும் சத்தத்தை எண்ணியே வெப்பநிலையைச் சொல்லிவிடலாம் என்று 1897இல் அமோஸ் டால்பியர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் எழுதியிருக்கிறார். நிமிடத்துக்கு எத்தனை முறை என்று எண்ணி, 40ஐக் கழித்து, 4ஆல் வகுத்து, 50ஐக் கூட்டினால் பாரன்ஹீட். நள்ளிரவில் கடிகாரமும் கையுமாக எண்ணினேன். 180 வந்தது. கணக்குப் போட்டால் 85 பாரன்ஹீட், அதாவது 29 செல்சியஸுக்கும் மேல். சுவரில் தொங்கிய வெப்பமானியோ 24 என்றது. டால்பியரைச் சந்தேகிப்பதா, வெப்பமானியைச் சந்தேகிப்பதா என்று குழம்பிச் சத்தம் வந்த திசையில் தவழ்ந்து போனேன். அந்தப் புண்ணியவான் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால், அது கக்கும் சூட்டில் சுகமாக உட்கார்ந்திருந்தான். அவன் கணக்கு சரிதான். தவிர, சுவர்க்கோழி சொல்வது இந்த நிமிடத்து வெப்பநிலையைத்தான். மூன்று மாதம் கழித்து வரும் குளிர் அதற்கு எப்படித் தெரியும்? வானிலை ஆய்வாளர்களே இரண்டு வாரத்துக்கு அப்பால் இன்ன நாளில் இன்னது நடக்கும் என்று சொல்லத் துணிவதில்லை.

மறுநாள் மேகம் கலைந்து வெயில் கொளுத்தியது. கம்பளி மூட்டையைப் பார்க்கவே வியர்த்தது.

“அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றி எத்தனை நாள் ஆயிற்று?” என்றாள் மனைவி.

அது என் வேலை. விரல் விட்டு எண்ணியதில் இரண்டு கைகளும் போதவில்லை. வேருக்கு நீர் கிடைக்காவிட்டால், இலை வழியாகப் போகும் ஈரத்தை மிச்சப்படுத்த மரம் இலைகளையே கழித்துவிடுமாம். ஆக, நான் பருவமாற்றம் என்று படித்தது என் சோம்பலைத்தான். ரோஷத்தோடு போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

இன்று காலை எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு சாரை சாரையாகச் சுவரேறுவதைப் பார்த்தேன். எறும்பு முட்டையோடு மேடேறினால் மழை என்பார்கள். “பலத்த மழை வரப்போகிறது!” என்று உற்சாகமாகக் கூவினேன்.

“முதலில் குழாயை மூடுங்கள்” என்று உள்ளிருந்து குரல் வந்தது.