பிரேக்கில் எந்த இடத்துக்கு எந்த கிரீஸ்

எங்கள் பட்டறையில் ஒரு பெரிய டப்பா லித்தியம் கிரீஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். வீல் பேரிங், கதவுக் கீல், ஜாக்கி என்று எல்லாவற்றுக்கும் அதுதான். நல்ல கிரீஸ், குறை சொல்ல முடியாது. பிரேக் வேலை நடக்கும்போது மட்டும் அதைத் தூக்கி வேறு பக்கம் வைத்துவிடுவேன்.

போன மழைக்காலத்தில் ஒரு கார் வந்தது. இடது முன் சக்கரம் கிட்டே போனாலே அனலடித்தது. வண்டி இடப்பக்கம் இழுக்கிறது, மைலேஜும் குறைந்துவிட்டது என்றார் உரிமையாளர். கழற்றினால், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இரு பக்கமும் பிடிக்கும் பிரேக் பேட்களில் உள் பேட் தகடு தெரியத் தேய்ந்திருக்கிறது, வெளிப் பேட்டில் பாதிக்கு மேல் மிச்சம். ஒரு பேட் மட்டும் இப்படித் தேய்ந்திருந்தால் முதலில் ஸ்லைடு பின்னைத்தான் பார்க்க வேண்டும். பேட்களை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்தான் காலிப்பர், இந்த வகையில் பிஸ்டன் ஒரு பக்கம்தான். அது உள் பேட்டை டிஸ்க்கில் அழுத்த, காலிப்பரே பின்களின் மேல் நகர்ந்து வெளிப் பேட்டை இழுத்து வரும். இந்த வண்டியில் ஒரு பின் அசையவே இல்லை. மேலே உறை மாதிரி இருந்த ரப்பர் பூட் ஊதிப்போய், தொட்டால் மெத்தென்று இருந்தது. உள்ளே பேரிங் கிரீஸ். முன்பு வேலை பார்த்தவர் நல்லது செய்வதாக நினைத்துத்தான் தாராளமாக அடைத்திருப்பார்.

பிரேக் ரப்பர்கள் பெரும்பாலும் இபிடிஎம் என்ற வகை. டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் கிளைகால் சார்ந்தது, அதில் வருடக்கணக்கில் ஊறினாலும் இந்த ரப்பர் தாங்கும். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பிவிடும். சாதாரண லித்தியம் கிரீஸில் இருப்பது மினரல் ஆயில்தானே. சில பின்களின் நுனியில் சின்ன ரப்பர் புஷ் ஒன்று இருக்கும். அது உப்பினால் பின் ஓட்டைக்குள்ளேயே இறுகிக்கொள்ளும். டிரேயில் பெட்ரோலோ டீசலோ ஊற்றி எல்லாப் பாகத்தையும் ஒன்றாகப் போட்டுக் கழுவும் பழக்கமும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உப்பிய பூட்டைத் துடைத்து மறுபடி மாட்டுவதில் பயனில்லை, புதிதுதான் போட வேண்டும்.

பின்னுக்குச் சிலிக்கான் கிரீஸ், அதுவும் பிரேக்குக்கு என்று எழுதியிருப்பது. மெல்லிய பூச்சு போதும். ஓட்டை நிறைய அடைத்தால் உள்ளே மாட்டிய காற்றும் கிரீஸும் பின்னை வெளியே தள்ளும். பின் உள்ளே போகாமல் திரும்பி வரும்போது பையன் சுத்தியலைத் தேடுவான். “தம்பி, அதை வை” என்பேன். பூட்டின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிக் காற்றை விட்டால் தானாக உட்காரும்.

பேட்டின் இரு முனையிலும் நீட்டியிருக்கும் காதுகள், அதைத் தாங்கும் பிராக்கெட்டில் உரசும் இடம் வேறு கதை. அங்கே சூடு அதிகம். சாதாரண லித்தியம் கிரீஸ் 190 டிகிரி வாக்கில் உருகி ஒழுக ஆரம்பிக்கும், மலைப்பாதையில் இறங்கும் வண்டியின் டிஸ்க் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். உருகியது டிஸ்க் மேல் போனால் கதை முடிந்தது. பேட் நுண்துளை உள்ள பொருள், எண்ணெய் குடித்த பேட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பிரயோஜனமில்லை, தூக்கிப்போட வேண்டியதுதான். அதனால் அந்த இடத்துக்கு அதிகச் சூடு தாங்கும் செராமிக் பேஸ்ட். முதலில் கம்பி பிரஷ்ஷால் துருவை எடுத்துவிட்டு, அப்புறம் நகத்தால் சுரண்டினால் வரும் அளவுக்கு மட்டும். துருவின் மேல் தடவுவதற்குத் தடவாமலே விடலாம்.

பிஸ்டன் சீலுக்கு இரண்டுமே வேண்டாம். புதிய பிரேக் ஆயிலில் நனைத்து மாட்டினால் போதும். சிவப்பு ரப்பர் கிரீஸ் இருந்தால் தூசி பூட்டுக்கு அடியில் தடவலாம். அது ஆமணக்கெண்ணெயில் செய்தது, ரப்பரை ஒன்றும் செய்யாது.

பின்பக்க டிரம் பிரேக்கில், பேட்டுக்குப் பதிலாக இருக்கும் ஷூ உரசும் மேடுகளுக்கும் அட்ஜஸ்டர் மரைக்கும் அதே செராமிக் பேஸ்ட், தொட்டும் தொடாமலும்.

எங்கள் மூத்த மெக்கானிக் அண்ணனுக்குக் காப்பர் கிரீஸ் மேல் தீராத பாசம். சூடு தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் அதிலும் பெரும்பாலும் மினரல் ஆயில், ரப்பர் பக்கம் போகக் கூடாது. அலுமினியக் காலிப்பரில் செம்புத்தூளும் ஈரமும் சேர்ந்தால் அரிப்பு வேறு வரும். பேசிப் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்திருக்கிறோம். வீல் ஹப்பும் டிஸ்க்கும் சேரும் முகத்தில் அவர் லேசாகத் தடவிக்கொள்வார், காலிப்பர் பக்கம் கொண்டுவர மாட்டார்.