முதல் கிட்டாரும் நான்கு மில்லிமீட்டரும்

முதல் கிட்டார் வாங்கச் சென்றபோது நான் பார்த்தது அதன் கருநீல நிறத்தை மட்டுமே. பார்த்திருக்க வேண்டியதோ கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில், அதாவது ஃப்ரெட்டுகளில், பன்னிரண்டாவதின் மேல் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை. உலோகக் கம்பி கிட்டாரில் அந்த இடைவெளி 2 முதல் 2.5 மில்லிமீட்டர் வரை இருந்தால் பழகாத விரலாலும் அழுத்த முடியும். என்னுடையதில் அது 4 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்ததால், எஃப் கார்டை (பல சுரங்களை ஒன்றாக ஒலிக்க வைக்கும் ஒரு விரல் அமைப்பு) பிடிக்க முயன்ற மாலைகளில் எல்லாம் விரல்நுனிகள் கன்றிப்போயின. (அந்த நிறத்தைக் குறைசொல்ல இன்றும் மனம் வரவில்லை.)

நைலான் கம்பி பூட்டிய கிளாசிக்கல் கிட்டார் விரலுக்கு மென்மையானதுதான். ஆயினும் அதன் கழுத்து, தலைப்பக்கம் தொடங்கும் இடத்தில் ஏறத்தாழ 52 மில்லிமீட்டர் அகலம் கொண்டது, உலோகக் கம்பி வகையிலோ பெரும்பாலும் 43 மில்லிமீட்டர்தான் என்பதால், சிறிய கை உடையவர்கள் இரண்டையும் மடியில் வைத்துப் பார்த்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும்.

கடைசியில், பழுதுபார்ப்பவர் ஒருவர், கிட்டாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் மேலிருந்த வெள்ளைத் துண்டின் அடியைத் தேய்த்துக் கம்பிகளைத் தாழ்த்திய பிறகே எனக்கு எஃப் ஒலித்தது.