ஜீன் ரிப்போர்ட் வரும்வரை

எனக்கு இருமல் தொடங்கியபோது டிபி என்றுதான் முடிவு செய்தார்கள். நம்மூரில் விடாத இருமலும் நெஞ்சில் நீரும் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். சளியில் கிருமி தெரியவில்லை, இருந்தாலும் மருந்து ஆரம்பமானது. சில மாதம் சாப்பிட்டும் நீர் திரும்பத் திரும்பச் சேர்ந்துகொண்டே இருந்தது. கடைசியில் அந்த நீரை எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் செல்கள் இருந்தன. நுரையீரலில் அடினோகார்சினோமா என்ற வகைப் புற்றுநோய், நாலாம் நிலை.

"எங்க வீட்டுல பீடி, சிகரெட்டு யாரும் தொட்டதில்லையே டாக்டர்" என்றார் என் வீட்டுக்காரர்.

"அதனாலதான் ஜீன் டெஸ்ட் கண்டிப்பாப் பார்க்கணும்" என்றார் புற்றுநோய் மருத்துவர்.

புகைபிடிக்காதவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, வரும் இந்த வகையில் இஜிஎஃப்ஆர் என்ற ஜீனில் மாற்றம் இருக்க வாய்ப்பு அதிகமாம். அந்த ஜீன் உண்டாக்கும் புரதம் செல்லின் மேல் உட்கார்ந்து 'வளர்' என்ற சமிக்ஞையை வாங்கி உள்ளே அனுப்புகிறது. மாற்றம் வந்துவிட்டால், காலிங் பெல் பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டது போல, யாரும் அழுத்தாமலே அடித்துக்கொண்டே இருக்கும். இதற்கென்றே உள்ள மாத்திரை அந்தச் சத்தத்தை அடக்குகிறது. பட்டன் சிக்காதவர்களுக்கு அதே மாத்திரையால் பெரிய பலன் இல்லை. அப்படிப்பட்ட ஒரு மாத்திரையான ஜெஃபிடினிப் அமெரிக்காவில் 2003-இல் அனுமதி பெற்றபோது, அது ஏன் சிலருக்கு மட்டும் அப்படி வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த வருடம்தான் பாஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் காரணம் இந்த ஜீன் மாற்றம் என்று கண்டுபிடித்தார்கள்.

டெஸ்ட்டுக்குத் திசு வேண்டும். முதலில் எடுத்த துணுக்கு, என்ன வகைப் புற்றுநோய் என்று பார்ப்பதிலேயே தீர்ந்துவிட்டது. சிடி ஸ்கேனில் பார்த்து மறுபடி ஊசி விட்டு எடுத்தார்கள். அதை மெழுகில் பதித்து, தீப்பெட்டியில் பாதி அளவு பிளாக்காக என் மகன் கையிலேயே கொடுத்தார்கள். அவன் அதை உச்சி வெயிலில் பைக் பெட்டியில் வைக்கப் பயந்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கூரியர் ஆபீஸுக்குப் போனான்.

ரிப்போர்ட் வரும்வரை இருந்த நாட்கள்தான் எல்லாவற்றிலும் மோசம். "நாலாம் நிலைன்னு சொல்லிட்டு சும்மா உட்கார வெச்சிருக்காங்களே" என்று சொந்தக்காரர்கள் போனிலேயே பதறினார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி ஊசி புதிதாக வந்திருக்கிறது, உடனே போடச் சொல்லு என்றார் சென்னையிலிருந்து கொழுந்தனார். மருத்துவர் அசையவில்லை. நீரை எடுத்த பிறகு மூச்சு ஓரளவு சீராக இருந்ததால் காத்திருக்க முடியும் என்றார். இஜிஎஃப்ஆர் மாற்றம் உள்ளவர்களுக்கு அந்த ஊசி அவ்வளவாகக் கேட்காது. ஊசியைப் போட்டுவிட்டு, அடுத்தாற்போல் ஓசிமெர்டினிப் மாதிரி இஜிஎஃப்ஆருக்கான புது மாத்திரை கொடுத்தால் நுரையீரலே அழற்சியாகிவிடும் ஆபத்தும் உண்டு என்று விளக்கினார். அன்று அவர் பிடிவாதமாக இருந்ததற்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

ரிப்போர்ட்டில் 'எக்ஸான் 19 டெலிஷன்' என்று இருந்தது, அதாவது இஜிஎஃப்ஆர் ஜீனில் ஒரு சின்னத் துண்டு விடுபட்டுப்போன மாற்றம். மருந்துக்கு நன்றாகக் கேட்கும் வகை. மருத்துவர் ஒளிக்காமல் பேசினார். முற்றிலும் குணமாக்கும் மருந்தல்ல, அடக்கி வைக்கும் மருந்து. ஓசிமெர்டினிப்பில் தொடங்கினால் நோய் சராசரியாக 18.9 மாதம் அடங்கியிருக்கும், ஜெஃபிடினிப் போன்ற பழைய மாத்திரைகளில் 10.2 மாதம் என்று ஒரு பெரிய ஆய்வு காட்டியிருந்தது. ஆனால் ஓசிமெர்டினிப் விலை லட்சங்களில். ஜெஃபிடினிப் இந்தியக் கம்பெனிகளே செய்வதால் மாதம் சில ஆயிரத்தில் முடியும். ஜெஃபிடினிப்போடு கீமோவும் சேர்த்தால் 8 மாதம் 16 ஆகிறது என்று மும்பை டாடா மருத்துவமனை ஆய்வு சொல்வதையும் எடுத்துச் சொன்னார். அப்போது எனக்கு உடம்பில் தெம்பு இல்லை. தினம் 250 மில்லிகிராம் ஜெஃபிடினிப் மட்டும் என்று நாங்கள் முடிவு செய்தோம்.

முதல் சண்டை பேண்டப்ரசோலோடு. எங்கள் வீட்டில் காலையில் காபிக்கு முன்னால் கேஸ் மாத்திரை என்பது பல வருடப் பழக்கம். ஜெஃபிடினிப் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், அதை அடக்கினால் விலை கொடுத்து வாங்கிய மருந்து உடம்பில் சேராது என்றார்கள். பழக்கத்தை விட்டேன், நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசில், அதுவும் மாத்திரைக்குப் பல மணி நேரம் தள்ளி.

இரண்டு வாரத்துக்குள் முகத்திலும் மார்பிலும் பரு மாதிரி கிளம்பியது. பரு அல்ல, பருவுக்கான க்ரீம் தடவினால் எரியும். டாக்ஸிசைக்ளின் கொடுத்தார்கள், வெயிலில் சன்ஸ்க்ரீன், குளித்ததும் ஈரத்தோடு மாய்ஸ்சரைசர். வயிற்றுப்போக்கு வந்தது, லோபரமைடில் நின்றது. இதையெல்லாம் தாங்கிவிடலாம். நகம்தான் படுத்தியது. நகத்தின் ஓரச் சதை வீங்கி, சிவந்து, தொட்டாலே உயிர் போகும். புளி கரைக்க முடியாது, ஜாக்கெட் ஹூக் போட முடியாது. பிரதோஷத்துக்குப் பூ கட்ட உட்கார்ந்தேன், நூலை இழுத்து முடிச்சுப் போடும் விரல்தான் வீங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் கட்டினார். நூல் தெரிந்ததே தவிரப் பூ தெரியவில்லை.

இருமல் நின்றது, நீர் வற்றியது. வருடம் தாண்டியதும் ஸ்கேனில் ஒரு கட்டி மறுபடி பெரிதானது. மருந்திலிருந்து தப்பிக்கப் புற்றுநோய் வழி கண்டுபிடித்துவிட்டது. அப்படி ஆகிறவர்களில் பாதிப் பேருக்கு டி790எம் என்ற இன்னொரு மாற்றம் வந்திருக்குமாம். அதை ரத்தத்திலேயே பார்க்கலாம் என்றதும் நிம்மதியானேன். ரத்தத்தில் இல்லை என்று வந்தது. ஆனால் ரத்தத்தில் இல்லை என்றால் கட்டியில் இல்லை என்று ஆகாது. மறுபடி ஊசி, மறுபடி பிளாக். அதில் இருந்தது.

டி790எம் இருந்தால் ஓசிமெர்டினிப் கேட்கும். இந்த முறை நகையை வைத்தோம். சில மாதம் வாங்கினால் மீதியைத் தரும் கம்பெனி உதவித் திட்டத்துக்கும் எழுதிப் போட்டோம். 2024-இல் இந்த மருந்துக்குச் சுங்க வரியை நீக்கி, ஜிஎஸ்டியையும் 12-இலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அதுவும் பெரிய காசுதான். தினம் 80 மில்லிகிராம் ஒரு மாத்திரை. தொடங்கும் முன் ஈசிஜி எடுத்தார்கள், இப்போதும் அவ்வப்போது எடுக்கிறார்கள். புதிதாக மூச்சு வாங்கினாலோ வறட்டு இருமல் வந்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் அன்றே வரச் சொல்லியிருக்கிறார்கள். தோல் பரவாயில்லை, நகம் ஆறிவிட்டது. இதற்குக் கேஸ் மாத்திரையும் தடையில்லையாம். ஆனால் எனக்கு அது இல்லாமலே பழகிவிட்டது.

போன மாதம் என் ஒன்றுவிட்ட அண்ணன் மகன் போன் செய்தான். அவன் மாமனாருக்கும் நுரையீரல்தான். "அத்தை, நீங்க சாப்பிடற மாத்திரை பேரை வாட்ஸ்அப்ல அனுப்புங்க" என்றான். ஜீன் ரிப்போர்ட் வந்ததா என்று கேட்டேன். வரவில்லை. வரட்டும், அதுவரை என் மாத்திரைப் பேர் உனக்கு எதற்கு என்றேன். கொஞ்சம் கோபம்தான் அவனுக்கு. வந்த ரிப்போர்ட்டில் மாற்றம் இஜிஎஃப்ஆரில் இல்லை, ஏஎல்கே என்ற வேறொரு ஜீனில். அவருக்கு அதற்கான அலெக்டினிப் எழுதியிருக்கிறார்கள்: காலையில் சாப்பாட்டோடு நாலு கேப்ஸ்யூல், ராத்திரி நாலு.