எங்கள் வீட்டு இரவுப் பாடம்

மியான்மரின் யாங்கோனில் மார்ச் மாதப் பள்ளி இறுதித் தேர்வு நெருங்கிவிட்டது என்பதை அறிய எங்கள் வீட்டில் நாள்காட்டி தேவையில்லை; என் மனைவியின் முகமே போதும். 2016இல் தொடங்கிய கல்விச் சீர்திருத்தத்தால் இறுதித் தேர்வு இப்போது 12ஆம் வகுப்புக்கு நகர்ந்துவிட்டாலும், ஊரில் எல்லாரும் அதை இன்னமும் பத்தாம் வகுப்பு என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நூற்றுக்கு முப்பது பேர் அளவில் மட்டுமே தேறிய ஆண்டுகள் பல உண்டு என்பதால், தேறினால் போதும் என்று நினைக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். என் மனைவி அந்தக் கட்சியைச் சேர்ந்தவள் அல்லள். ஆறு பாடங்களிலும் ‘டி’ என்னும் சிறப்புத் தேர்ச்சி வந்தாக வேண்டும், அதற்குக் குறைந்த எதுவும் குடும்பத்துக்கு இழுக்கு என்பது அவளுடைய கொள்கை.

இங்கே படிப்பது என்றால் உரக்கப் படிப்பதுதான். அறிவியல் பாடங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால், பொருள் விளங்குகிறதோ இல்லையோ, முற்றுப்புள்ளி உட்பட அனைத்தையும் வாய்விட்டுச் சொல்லி நெஞ்சில் பதிய வைக்கிறார்கள். எங்கள் கட்டடத்தில் மின்தூக்கி கிடையாது. படியேறி வரும் விருந்தாளி இரண்டாம் மாடியில் இயற்பியலையும் மூன்றாம் மாடியில் வேதியியலையும் கேட்டுக்கொண்டே வந்து, ஐந்தாம் மாடியில் மூச்சிரைக்க நிற்கும்போது, என் மகள் கதவுக்குப் பின்னால் சுவாச மண்டலத்தை ஒப்பித்துக்கொண்டிருப்பாள். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் அம்மாவே மைட்டோகாண்ட்ரியா என்ற சொல்லைப் பிழையின்றிச் சொல்கிறார். அது ஏதோ சாமியின் பெயர் என்று அவர் நம்புவதாக எனக்கொரு சந்தேகம் உண்டு.

தெய்வ உதவிக்கும் குறைவில்லை. பர்மிய மொழியில் வெற்றி பெறுவதற்கும் தேர்வில் தேறுவதற்கும் ‘அவுங்’ என்ற ஒரே சொல்தான். வெற்றிக்கு அடையாளமாகப் பர்மியர்கள் வைக்கும் தபியே தழையை என் அம்மா எங்கள் பிள்ளையாருக்கும் வைத்துவிட்டார். அறுகம்புல்லும் தபியேயும் ஒரே செம்பில் நிற்கின்றன. பிள்ளையார் இதுவரை மறுப்பேதும் தெரிவிக்கவில்லை.

நேற்று இரவு பத்து மணிக்கு வழக்கம்போல மின்சாரம் போயிற்று. என் மனைவி மின்கல விளக்கை ஏற்றி, ஒரு தட்டு நிறைய லப்பே கலந்து மகளிடம் கொடுத்தாள். ஊறிய தேயிலையும் வறுத்த பூண்டும் வேர்க்கடலையும் எள்ளும் சேர்ந்த அந்தப் பண்டத்தைத் தின்றால் தூக்கம் வராது என்பது இந்நாட்டு மாணவர் அனைவரும் அறிந்தது. தேயிலையை மென்றே விழுங்கினால் வேறென்ன ஆகும்? துணைக்கு இருக்கட்டுமே என்று பாதித் தட்டை நான் காலி செய்ததுதான் பிழை. அதன் விளைவாக நள்ளிரவு பன்னிரண்டரை மணிக்கு, தேர்வு எதுவும் எழுத வேண்டியிராத ஐம்பத்திரண்டு வயது மனிதனாகிய நான், கண்களை அகல விரித்துக்கொண்டு புழுக்கத்தில் படுத்திருந்தேன். மகளின் குரல் மட்டும் அறையிலிருந்து தளராமல் வந்துகொண்டிருந்தது. பெற்ற வயிறு குளிர்ந்துவிட்டது போலும். என் மனைவி நிம்மதியாகக் குறட்டை விட்டாள்.

அப்போதுதான், மகளின் பாடத்தில் இரைப்பைக்கும் சிறுகுடலுக்கும் நடுவே, “மோகிங்கா...” என்று ஒரு கூவல் கேட்டது.

மின்வெட்டினால் நேரம் குழம்பி, காலையில் மோகிங்கா என்னும் மீன்சாற்று நூடுல்ஸ் விற்க வரும் அம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டாள் என்றே முதலில் நினைத்தேன். எழுந்து மாடத்துக்குச் சென்று எட்டிப் பார்த்தேன். காலையில் காசும் கிண்ணமும் வைத்துக் கீழே இறக்கும் எங்கள் கயிறு அசையாமல் தொங்கியது. தெருவில் இரண்டு நாய்களைத் தவிர வேறு ஒருவரும் இல்லை. குழப்பத்துடன் திரும்பி வந்து படுத்தபோது அறைக்குள்ளிருந்து மகள் இருமினாள். கால் மணி நேரத்துக்கு முன்பு இருமிய அதே இடத்தில், அதே போல இரண்டு முறை. அதை எண்ணி முடிப்பதற்குள் ஓர் ஆண் குரல், “என் செருப்பை யார் எடுத்தது?” என்று அறைக்குள்ளிருந்து கத்தியது. அந்தக் குரலை எங்கோ கேட்டிருக்கிறேனே என்று யோசித்தேன். அது என்னுடைய குரல்.

கதவைத் திறந்தேன். என் மகள் உயிரியல் புத்தகத்தின் மேல் கன்னத்தை வைத்து உறங்கிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் பூசியிருந்த தனாக்கா மரப்பட்டைச் சாந்து, சிறுநீரகத்தின் படத்தில் பாதியை மறைத்து அப்பியிருந்தது. தண்ணீர்க் குடத்தின் மீது சாய்த்து வைக்கப்பட்ட கைபேசி, காலையில் பதிவு செய்த பாடத்தை ஓயாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் பாயில் அமர்ந்து என் அம்மா அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

“சத்தம் போடாதேடா, பிள்ளை எழுந்துவிடப் போகிறாள்” என்றார்.

“எத்தனை நாளாக நடக்கிறது இது?”

“நாலு நாளாச்சு. பகல் முழுவதும் டியூஷன், மாலையிலும் டியூஷன், அந்தக் கண்ணைப் பார்த்தாயா நீ? உன் பெண்டாட்டி காதுக்குத்தானே படிப்பு வேண்டும், அது கேட்டுக்கொண்டு கிடக்கட்டும்.”

கைபேசியைக் கதவுப் பக்கம் திருப்பி வைத்ததும், அதற்கு நாள்தோறும் மின்னேற்றி வைப்பதும் அவர்தானாம். பொத்தான் அழுத்தத் தெரியாது என்று இத்தனை ஆண்டுகள் என்னிடம் சொல்லி, ஒவ்வோர் அழைப்புக்கும் என்னைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னவர் இவர். நான் ஒன்றும் பேசாமல் செருப்பு விவகாரத்தை மட்டும் மனத்துக்குள் நொந்துகொண்டு, கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

இன்று காலை என் மனைவி மூன்றாம் மாடி அம்மாளிடம், “எங்கள் பெண் இரவு ஒன்றரை மணி வரை வாயை மூடவில்லை” என்று பெருமை பேசியதை நான் காதாரக் கேட்டேன். அந்த அம்மாள் முகம் சுருங்கி, தன் மகனும் இரண்டு மணி வரை வேதியியல் படித்ததாகச் சொன்னாள். உண்மைதான், லப்பேயின் புண்ணியத்தால் அதையும் நான் முழுவதும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தேன். சரியாக இரண்டு மணிக்கு அவனுடைய அமிலங்களுக்கு நடுவே ஒரு காக்கைக் கூட்டம் கரைந்தது.