நேவி மேல் கேஸ் போட மாட்டேன்

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு 78 வயது. நாங்கள் அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து நார்ஃபோக்குக்குக் குடிவந்த புதிதில், கூப்பிடாமலே வந்து ஹீட்டரைச் சரிசெய்து கொடுத்தவர். போன கோடையில் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொண்டது, மீசோதீலியோமா என்றார்கள். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசியால் வரும் புற்றுநோய். தூசி உள்ளே போனது 1960களின் கடைசியில், ஒரு போர்க்கப்பலின் பாய்லர் அறையில்.

கேஸ் போடலாமே என்றேன். “நேவி மேலயா? செத்தாலும் மாட்டேன்.”

நினைத்தாலும் முடியாது என்பது படித்த பிறகுதான் தெரிந்தது. பணியில் பட்ட பாதிப்புக்குப் படைவீரர் அரசின் மேல் வழக்குப் போட முடியாது என்று 1950லேயே ஃபெரஸ் வழக்கில் இங்கத்து உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்திவிட்டது. முன்னாள் படைவீரர் துறையிடம் மாத உதவித்தொகை கேட்கலாம். இந்த நோய்க்கு 100 சதவீத ஊனம் என்றே கணக்கு. மற்றபடி பிடிக்க வேண்டியது கம்பெனிகளை. கல்நார்ப் பொருள் செய்த ஜான்ஸ்-மேன்வில் கம்பெனி 1982ல் மஞ்சக் கடுதாசி கொடுத்தது. பாதிக்கப்பட்டவர்களுக்காக அப்புறம் வைத்த அறக்கட்டளை, 100 டாலர் மதிப்புள்ள கோரிக்கைக்குத் தருவது 5 டாலர் சொச்சம். இதற்குப் பெயர் நஷ்டஈடு!

பம்பு, டர்பைன் செய்தவர்கள் “நாங்கள் கொடுத்தது வெறும் இரும்பு, கல்நாரைச் சுற்றியது நேவி” என்று நழுவிக்கொண்டிருந்தார்கள். 2019ல் அதே உச்ச நீதிமன்றத்தில், டிவ்ரீஸ் வழக்கில் அந்தச் சாக்கு முழுசாக எடுபடவில்லை. கல்நார் சேர்த்தால்தான் ஓடும் இயந்திரம், ஆபத்தும் தெரியும், மாலுமிக்குத் தெரிய வழியில்லை என்றால், எச்சரித்திருக்க வேண்டியது செய்தவன் பொறுப்பு.

இதைச் சொன்ன பிறகுதான் பெரியவர் உட்கார்ந்து பேசினார். ஆனால் எந்தக் கம்பெனி பம்பு என்று சொல்ல வேண்டுமே, அதுவும் இத்தனை வருஷம் கழித்து. வெண்ணெய்க் கத்தியை எடுத்து, சாப்பாட்டு மேசை விளிம்பில், பம்பு மூட்டில் கசியாமல் வைக்கும் கல்நார் கேஸ்கெட்டை அப்போது எப்படிச் சுரண்டினார் என்று காட்டினார். ஒட்டிக்கொண்டிருப்பதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கடைசியில் வாயால் ஒரு ஊது. அந்த ஊதலில் இருமல் பிடித்துக்கொண்டது. அடங்கியதும் கம்பெனி பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார். பம்பின் மேல் வாராவாரம் பாலிஷ் போட்டுத் துடைத்த பித்தளைப் பெயர்த்தகடாச்சே.

அவர் மச்சினர் தனியார் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தவர். அவருக்கு 1927ல் வந்த துறைமுகத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம். தின்றது ஒரே தூசி, ஃபாரம் மட்டும் வேறு.

வர்ஜீனியாவில் டாக்டர் நோயைச் சொன்ன நாளிலிருந்து இரண்டு வருஷம்தான் கெடு. எட்டு மாசம் போய்விட்டது. நாளைக்கு வக்கீல் வருகிறார். கப்பல் பெயர் போட்ட தொப்பியை வைத்துக்கொண்டு உட்காரலாமா என்று சாயங்காலம் வேலியோரம் கேட்டார். தாராளமா என்றேன்.