வேலையில்லாதோர் உதவித்தொகைக்கு அலையப் போறவங்க, கிளம்பறதுக்கு முன்னாடி படிங்க

ஒரு வழியா வேலைவாய்ப்பு ஆபீஸ்ல என் அப்ளிகேஷனை வாங்கி வெச்சுக்கிட்டாங்க. சந்தோஷத்தை விட எரிச்சல்தான் ஜாஸ்தி, அதான் சூட்டோட சூடா எழுதிடறேன்.

தமிழ்நாட்டுல இந்தப் பணம், இருந்த வேலை போனவங்களுக்கு இல்லைங்க, வேலைவாய்ப்பு ஆபீஸ்ல பதிஞ்சுட்டு 5 வருஷமா ஒண்ணும் கிடைக்காம உட்கார்ந்திருக்கவங்களுக்கு. மாற்றுத்திறனாளின்னா 1 வருஷம் போதும். கம்பெனில வேலை போய், சம்பளத்துல ஈஎஸ்ஐ பிடிச்சிருந்தாங்கன்னா ஈஎஸ்ஐ ஆபீஸ்ல அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனான்னு தனியா ஒரு திட்டம், அது இப்ப நடக்குதான்னு போய்க் கேளுங்க. எனக்கு முன்னாடி நின்ன தம்பி பி.இ. முடிச்சவன், பாவம் வெயில்ல நின்னு உள்ள போனதும் "இன்ஜினியரிங்குக்கெல்லாம் கிடையாதுப்பா"ன்னுட்டாங்க. டாக்டர், வக்கீல், அக்ரி படிப்புக்கும் அதேதான். ரெகுலர் காலேஜ்ல படிச்சுட்டிருந்தாலும் கிடையாது, கரஸ்னா (தபால் வழிப் படிப்பு) பிரச்சனை இல்லை. வயசு 40க்குள்ள இருக்கணும், எஸ்சி எஸ்டிக்கு 45.

மாற்றுத்திறனாளி இல்லாதவங்களுக்கு குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000 தாண்டக் கூடாது. இங்கதான் என்னை உயிரை வாங்கினாங்க. ஃபார்ம் வாங்கறப்பவே கேட்டேன், இ-சேவைல எடுத்த வருமானச் சான்றிதழ் போதும்னாங்க. எடுத்துட்டுப் போய் நீட்டினா, அதே கவுன்டர், அதே மேடம், "இது எதுக்கு? ஃபார்ம்லயே விஏஓவும் ஆர்ஐயும் கையெழுத்து போட்டிருக்கணும்"னு தள்ளி விட்டுட்டாங்க (விஏஓன்னா கிராம நிர்வாக அலுவலர், ஆர்ஐன்னா வருவாய் ஆய்வாளர்). எங்க விஏஓவுக்கு பக்கத்து கிராமமும் கூடுதல் பொறுப்பு, இங்க போனா அங்க இருக்காருன்றாங்க, அங்க போனா தாலுகா ஆபீஸ் மீட்டிங்காம். தலையாரி அண்ணன் போன் போட்டுக் கொடுத்துதான் ஆளையே பிடிச்சேன். அப்புறம் ஆர்ஐ ஆபீஸ்ல, விஏஓ தேதி போடலைன்னு திருப்பி அனுப்பி, மறுபடி அங்க ஓடி, மறுபடி இங்க வந்து... ஆர்ஐ சீல் வேற மை காய்ஞ்சு பாதிதான் விழுந்துச்சு, "சார் சார் இன்னொண்ணு சார்"னு கெஞ்சி பக்கத்துலயே ஒண்ணு குத்த வெச்சேன். நல்ல வேளை! ஆபீஸ்ல ஃபார்மை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு முதல்ல பார்த்ததே அந்த சீலைத்தான்.

போறவங்க கவனிங்க, 5 வருஷத்தை காலாண்டு முடியற தேதிக்குத்தான் கணக்கு பண்றாங்க, அதாவது மார்ச் 31, ஜூன் 30 இப்படி. ஒரு வாரம் குறைஞ்சாலும் அடுத்த காலாண்டுதான். பதிவை 3 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிச்சிருக்கணும். டிசி, மார்க் ஷீட் எல்லாம் ஒரிஜினலோட போங்க. இந்தப் பணம் வாங்கினா பதிவு கேன்சல் ஆயிடும்னு எங்க தெருவுல ஒருத்தர் கிளப்பி விட்டிருந்தாரு, நம்பாதீங்க, ஆகாதுன்னு அந்த மேடமே சொல்லிட்டாங்க (அவங்க உருப்படியா சொன்னது அது ஒண்ணுதான்).

தொகை எவ்வளவுன்னு கேட்டா சிரிப்பீங்க. மாற்றுத்திறனாளி இல்லாதவங்களுக்கு மாசத்துக்கு பத்தாவது ஃபெயில் 200, பாஸ் 300, பிளஸ் டூ 400, டிகிரி 600. அதுவும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை பேங்க்ல ஏறும், 3 வருஷம் வரைக்கும். உங்க பேங்க் வேற பேங்கோட சேர்ந்திருந்தா பழைய பாஸ்புக் ஜெராக்ஸைக் கொடுத்துடாதீங்க, அதுல ஐஎஃப்எஸ்சி பழசா இருக்கும், புது பாஸ்புக் வாங்கிட்டுப் போங்க. வருஷா வருஷம் சுய உறுதிமொழி வேற கொடுக்கணுமாம், அதுக்கும் அதே கவுன்டர்தான்.